காவடி நாள் ரசம்: கோவில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸ் தமிழ்க் கோவில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், காவடியன்று விடியுமுன்பே அடுப்பு மூட்டும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

தைப்பூசத்துக்கு வாழையிலையில் நீங்கள் போடும் ஏழு கறியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வருத்தமெல்லாம் ரசத்தைப் பற்றித்தான். போன முறை நான் சாப்பிட்ட பந்தியில் பாக்கெட் பொடியைக் கரைத்த உப்புத் தண்ணீரை ரசம் என்று ஊற்றினார்கள். பக்கத்திலேயே கோலா பாட்டில்! இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. பத்து நாள் விரதம் இருந்து வருகிறவருக்கு முதல் சாப்பாடே இதுவா?

பொடி வேண்டாம். மிளகு, சீரகம், பூண்டை ரோஸ்காரியில், அதாவது நம் அம்மிக்கல்லில், ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். புளித்தண்ணீரில் மஞ்சளோடு இதைப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். இறக்கும் நேரத்தில் உருவிய முருங்கைக்கீரை, நம் பிரேட் முரூம்தான், கைநிறையப் போட்டுக் கிளறினால் போதும். மூடி வைத்தால் கீரை கறுத்துவிடும். இத்தனை பொருளும் மணம் கொடுப்பதால் உப்பையும் குறைக்கலாம், பிரஷர்காரர்களுக்கு அது முக்கியம்.

ஆனால் ஒன்று, 'சர்க்கரை தீர்க்கும் ரசம்' என்று பலகை மட்டும் மாட்டிவிடாதீர்கள். இது சாப்பாடு, மாத்திரைக்கு மாற்று இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக்கூடாது. சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். இதையெல்லாம் பந்தி பரிமாறும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், அவர்களிடம்தான் வயதானவர்கள் கேட்பார்கள்.

அவ்வளவு கீரைக்கு எங்கே போவது என்பீர்கள். சமையற்கட்டுக்குப் பின்னால் இரண்டு முருங்கை நட இடமில்லாத கோவில் குறைவு. கை பருமனுள்ள கிளையை நட்டாலே வேர்விடும். முருங்கை பலமில்லாத மரம், சைக்ளோனுக்கு முதலில் முறிவது அதுதான். அதனால் நவம்பரில் தலையை வெட்டிவிடுங்கள். காற்றுக்கும் தப்பும், மழையில் தைப்பூசத்துக்குள் இளங்கொழுந்து தழைத்து வரும்.

கிளை வேண்டுமென்றால் எங்கள் வீட்டு மரத்தில் இருக்கிறது. ஆள் அனுப்புங்கள், வெட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பந்தியில் சாப்பிட்டு வளர்ந்த ஒருத்தி