மங்கல் எல்லாம் தவறல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற ஒளிப்படக் கண்காட்சி பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வெளியான விமர்சனம், மங்கலான படங்கள் அனைத்தையும் 'கைத்தவறு' என ஒதுக்கியிருந்தது. இதை ஏற்க முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவில் ஆடும் காவடியை, கமெராவின் ஷட்டர் 1/15 வினாடி திறந்திருக்கும்படி எடுத்தால் மயிலிறகும் கால்களும் கோடுகளாக இழுபடும். பின்னால் நிற்கும் கோபுரம் கூர்மையாகவே இருக்கும். கமெரா அசைந்திருந்தால் கோபுரமும் சேர்ந்து ஒரே திசையில் இரட்டிக்கும். தவறு என்பது அதுதான். 1/500 வினாடியில் ஒவ்வோர் இறகும் துலங்கும், ஆனால் ஆட்டம் உறைந்துவிடும். இரண்டில் எது சிறந்தது என்பது அவரவர் ரசனை. 1932இல் அன்சல் அடம்ஸ், எட்வேர்ட் வெஸ்டன் முதலான அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள், படம் முழுவதையும் கூர்மையாகக் காட்டும் மிகச் சிறிய லென்ஸ் துளையின் அளவையே பெயராக்கி 'எஃப்/64' குழுவை அமைத்துக் கூர்மைக்காக வாதாடினர். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

கைபேசித் திரையில் கமெரா அசைவு கண்ணுக்குத் தப்பிவிடும். பெரிதாக அச்சிட்டதும் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே அடுத்த கண்காட்சியிலாவது நடுவர்கள் குறைந்தது 12க்கு 18 அங்குல அச்சுப் பிரதிகளைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். தெரிவுக்கான காரணத்தையும் படத்தின் கீழ் இரண்டு வரியில் எழுதிவைத்தால், பார்வையாளர் உடன்படவோ மறுக்கவோ இடமிருக்கும்.

ஒளிப்பட ஆர்வலர்,
கொக்குவில்.