குறை கணினியில் இல்லை, கனெக்டரில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேபிள் இணையம் அடிக்கடி அறுந்தால் பலரும் முதலில் சந்தேகப்படுவது கணினியை, அடுத்து வைஃபையை. மோடத்துக்கு முன்னால் இருக்கும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. இணைப்பு கொடுக்கும் அன்றே அதைக் கவனித்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

மோடம் வரை வருவது 75 ஓம் ஆர்ஜி-6 கேபிளாக (கேபிள் டிவிக்குப் போடும் உருண்டை ஒயர் வகை) இருக்கட்டும். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்று சுமார் 3.5 டெசிபல் (சிக்னல் இழப்பின் அளவு) சிக்னலைத் தின்றுவிடும். நான்குவழி என்றால் 7, அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே வீட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்தில் இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்றை வைத்து, ஒரு கிளையை நேராக மோடத்துக்கே விடுங்கள். டிவிகளுக்கு எத்தனை பிரிவு வேண்டுமோ, அதெல்லாம் மற்றக் கிளையில். டிஷ் ஆன்டெனாவுக்கான ஸ்ப்ளிட்டர் பெரும்பாலும் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்வது, மோடத்துக்கு ஆகாது. 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று மேலே அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்ப்ளிட்டரில் காலியாக இருக்கும் முனையில் 75 ஓம் டெர்மினேட்டரை (முனையை அடைக்கும் சிறு மூடி) திருகிவிடுங்கள்.

கேபிள் முனையில் இருக்கும் திருகு கனெக்டர்தான் முக்கியம். வெளிப் பின்னலின் ஓர் இழை நடுச் செம்புக் கம்பியைத் தொட்டாலும் போச்சு. கையால் திருகிய பிறகு ஸ்பானரால் லேசாக இறுக்க வேண்டும். தளர்ந்த கனெக்டர் வழியாக வெளி ரேடியோ இரைச்சல் உள்ளே புகும். வீட்டிலிருந்து தகவல் மேலே, அதாவது இணைய நிறுவனத்துக்கு, போகும் பாதை பல இடங்களில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டை; நிறுவனத்தின் ஒரே கேபிள் கிளையிலுள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும் அதில் ஒன்றாகச் சேர்கிறது. ஒரு வீட்டுத் தளர்ச்சி பக்கத்து வீட்டையும் படுத்துவது இப்படித்தான்!

மோடம் சிக்னலைப் பிடித்துப் பதிவாகச் சில நிமிடங்கள் ஆகும்; பொறுமையிழந்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தேடும். விளக்குகள் நிலைத்ததும் பிரவுசரில் 192.168.100.1 என்று தட்டினால் பெரும்பாலான மோடங்கள் அளவுகளைக் காட்டும். உள்வரும் சிக்னல் மைனஸ் 7 முதல் பிளஸ் 7 டிபிஎம்வி (சிக்னல் வலிமையின் அலகு) வரை இருந்தால் நல்லது. மேலே அனுப்பும் அளவு 50 டிபிஎம்வியைத் தொட்டால், வழியில் எங்கோ இழப்பு அதிகமாகி மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம்.

பல மோடங்கள் முதலில் இணைத்த கருவியின் வன்பொருள் முகவரியையே (மேக்) நினைவில் வைத்துக்கொள்ளும். கணினியை எடுத்துவிட்டு ரவுட்டர் மாட்டினால், மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து (பேட்டரி இருந்தால் அதையும் கழற்றி) மீண்டும் போட வேண்டும். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் மோடத்திடமிருந்து முகவரி எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். எல்லாம் சரியாக இருந்தும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லையா? ஈதர்நெட் ஒயரின் முனையைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். அதில் ஒன்று அறுந்தாலும் 100-இல் நின்றுவிடலாம்.

இப்படிக்கு,
கேபிள் இணையத் தொழில்நுட்பர்கள்