துன் சம்பந்தனை நினைக்கும்போது அந்தப் பத்து வெள்ளிக் கணக்கையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 18, ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் மறைந்த நாள். ஜூன் 16 அவர் பிறந்த நாள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், மேடையில் அவர் பெயரைச் சொல்கிறோம். ‘தோட்டங்களை வாங்கி நம் மக்களைக் காப்பாற்றினார்’ என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதிலிருந்து காப்பாற்றினார், எப்படி வாங்கினார் என்று கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, நாற்பதைத் தாண்டியவர்களும் விழிக்கிறார்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பிறந்த பிள்ளைக்கு லயமும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தெரியாது, நிரையும் (ஒருவர் வெட்டும் மர வரிசை) தெரியாது. நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1950-களில் தொடங்கியது தோட்டத் துண்டாடல். கொரியப் போர் வந்து ரப்பர் விலையை ஏற்றியிருந்தது. காட்டோரத் தோட்டங்களில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலப் பயம் இருந்தது. சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்ற கவலை வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு. விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டுப் போவோம் என்று பல கம்பெனிகள் முடிவெடுத்தன. வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. மொத்த விலைக்கு எடுத்த நிலத்தைத் துண்டு துண்டாக அறுத்துச் சில்லறை விலைக்கு விற்றார்கள். இடையில் நிற்கும் இலாபம்தான் அவர்கள் குறி.

இதனால் பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்கு, என்ன ஆனது என்பதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒருவர் ஒரு காலையில் ஏறக்குறைய 500 மரம் வெட்டுவார். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில் அவருக்கு இரண்டு நிரை, ஆக 1,000 மரம். ஏக்கருக்கு 110 மரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒருவர் கைக்கு ஒன்பது ஏக்கர் வரும். ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தில் 110 பேருக்கு வெட்டு வேலை. களை எடுப்பவர், ஸ்டோரில் பால் உறைய வைத்து ஷீட் அடிப்பவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவர் எல்லாம் இதற்கு மேல். இப்போது அதே தோட்டத்தைப் பத்துப் பத்து ஏக்கராக அறுத்துவிடுங்கள். பத்து ஏக்கர் என்பது ஒரே ஒருவருடைய வேலை. வாங்கியவர் தம் வீட்டாரை வைத்தே வெட்டிவிடலாம். வெளியாள் எதற்கு?

வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்யும்வரைதான் அதில் இருக்கலாம். பெரிய தோட்டம் என்றால் குழாய்த் தண்ணீர், மருந்துக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே நிர்வாகம் பொறுப்பு. நூறு முதலாளிகள் ஆனபின் யாரைப் போய்க் கேட்பது? கோயில் நின்ற துண்டு ஒருவர் பெயரில், பள்ளி நின்ற துண்டு வேறொருவர் பெயரில் போய்விடும்.

மரமும் தப்பவில்லை. கொஞ்ச காலத்தில் விற்றுவிடப் போகிறவர் ஆழமாக வெட்டச் சொல்வார், அடிக்கடி வெட்டச் சொல்வார். கத்தி உள்தோலைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுபடி அங்கே கோடு போட முடியாது. மறுநடவு செய்தாலோ பால் காண ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். சிறு துண்டு வைத்திருப்பவருக்கு அத்தனை காலம் வருமானம் இல்லாமல் இருக்க முடியாது. கிழ மரத்தையே சுரண்டிக்கொண்டிருப்பார். அன்றைய துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962-இல் வெளிவந்தது. பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகள் அதைத் தேடிப் படிக்கலாம்.

இந்த நிலையில்தான் 1960-இல் துன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் ஆளுக்குப் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கேட்டார். இன்றைக்குப் பத்து ரிங்கிட் ஒரு வேளைச் சாப்பாடு. அன்றைக்கு அது மூன்று நாள் கூலிக்குக் குறையாது. ஏன் ஒவ்வொரு தோட்டத்தாரும் தங்கள் தோட்டத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நூறு பேர் பத்து வெள்ளி போட்டால் ஆயிரம் வெள்ளி; அதில் தோட்டத்தின் ஒரு மூலைகூட வராது. பத்தாயிரம் பேர் போட்டால் ஒரு லட்சம். அப்போது ஒரு விற்பனைக்காரன் முன்னால் உட்கார்ந்து பேச முடியும். இன்னொன்று, தோட்டம் விலைக்கு வரும் செய்தி வெட்டுக்காரர் காதுக்கு வருவதற்குள் பேச்சுவார்த்தை முடிந்திருக்கும். துண்டாடுகிறவன் கையில் பணத்தோடு வருவான். அவனோடு போட்டி போட, தோட்டம் விலைக்கு வரும் முன்பே பணம் தயாராக இருக்க வேண்டும். கெடா மாநிலத்துத் தொழிலாளி காப்பாற்றப்பட, பேராக் தொழிலாளியும் பணம் போட்டிருக்க வேண்டும். தன் தோட்டம் கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் இருக்கும் ஒருவரை முன்பின் தெரியாத தோட்டத்துக்காகப் பணம் போடவைப்பது எத்தனை கடினம்! துன் அதைச் செய்தார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமானது.

கூட்டுறவு என்ற வடிவத்தை எடுத்ததிலும் காரணம் உண்டு. கம்பெனியாக இருந்தால் அதிகப் பங்கு வைத்திருப்பவர் சொல்வதே நடக்கும். கூட்டுறவில் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒரு பங்கு வைத்திருக்கும் வெட்டுக்காரருக்கும் அதே ஓட்டுத்தான். தோட்டமும் அறுபடாமல் முழுசாக இருப்பதால் மறுநடவைக் கட்டம் கட்டமாகச் செய்யலாம்; ஒரு பகுதி வளரும்போது மற்றப் பகுதி சோறு போடும்.

அவர் 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவராகவும், தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி என்று பல துறைகளில் அமைச்சராகவும் இருந்ததெல்லாம் பாடநூலில் கிடைக்கும். சுங்கை சிப்புட்டுக்காரர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டியவை வேறு. அவர் தந்தை வீரசாமி இங்கே ரப்பர் போட்ட முன்னோடிகளில் ஒருவர். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளியை முதலாளியாக்கக் கிளம்பினார் என்பது நம் ஊர்க் கதை. மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி, தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளியைத் திறக்க இந்தச் சிற்றூருக்கு வந்தார். துன் அவர்களின் துணைவியார் தோ புவான் உமா சுந்தரி பெண்கள் அமைப்புகளில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவர் பெயரை விட்டுவிடக் கூடாது. மற்றொன்று: வரலாற்று நூல்களில் ஜூன் 16 என்றால் 1948-இல் நம் ஊர்த் தோட்டங்களில் துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) மூவர் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த நாள். அன்று சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தேதி மறக்காது.

இனி, வீட்டில் இருக்கும் தாள்களைப் பற்றி. பாட்டன் பாட்டியின் பங்குப் பத்திரம், சந்தா ரசீது, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, துன் வந்தபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் தகரப் பெட்டியில் கிடக்கும். நல்லது செய்வதாக நினைத்து லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. பழைய மையும் மங்கும். ஸ்டேப்ளர் ஊசியை முதலில் நகத்தால் நிமிர்த்தி எடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். வாடை அடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை எழுத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் காகித உறை போதும், ஓர் உறைக்கு ஒரு தாள். பெட்டியைத் தரையில் வைக்காமல் அலமாரியின் நடுத் தட்டில் வையுங்கள். கீழே கறையான், மேலே கூரை ஒழுக்கு. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். மேல்பரப்பு கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கொஞ்சம் சாய்வாகக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள். பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

பங்குப் பத்திரம் ஞாபகப் பொருள் மட்டுமல்ல, சொத்தும்கூட. உறுப்பினர் இறந்திருந்தால் பத்திர எண், இறப்புப் பத்திரம், உறவைக் காட்டும் பிறப்பு, திருமணப் பத்திரங்கள் மூன்றையும் சேர்த்துக்கொண்டு சங்கத்தில் கேளுங்கள். பெனாமா (நியமனதாரர்) யார் என்று பதிவில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சிக்கல் பெரும்பாலும் பெயரில் வரும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ராமசாமி ஒரு தாளில் ‘ஒய்’யில் முடியும், இன்னொன்றில் ‘ஐ’யில் முடியும். இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டிவரும். பழைய பதிவுகளில் ஏழு இலக்க ஐ.சி. (அடையாள அட்டை) எண்தான் இருக்கும், இப்போதைய பன்னிரண்டு இலக்கம் இருக்காது. ஆகவே தாத்தாவின் பழைய நீல ஐ.சி. கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். முகவரியும் அப்படித்தான். தோட்டம் செம்பனையாகி, லயம் இடிந்து, நாம் தாமானுக்கு வந்துவிட்டோம். கடிதம் இன்னும் பழைய லயத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம்.

வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஜூன் 16-க்குள் ஒவ்வொரு மாணவரையும் வீட்டில் இருக்கும் தோட்டத்துத் தாள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, சுவரில் ஒட்டி, பக்கத்தில் அந்தப் பத்து வெள்ளிக் கணக்கை எழுதி வையுங்கள். இரு பக்கமும் எடுத்த நகல் போதும். அசலைப் பள்ளிப் பையில் போட்டு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.