பைத்தான் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு: அந்த நட்சத்திரக் குறி பற்றி

வணக்கம்.

பைத்தானில் நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களின் நிரலைப் படித்துத் திருத்துவதும் என் வேலைதான். பலருடைய முதல் வரி ‘ஃபிரம் மேத் இம்போர்ட் ஸ்டார்’ என்றுதான் இருக்கும். மேத் என்ற கணிதத் தொகுப்பில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு நட்சத்திரக் குறியால் (*) நிரலுக்குள் கொண்டுவரும் வரி அது. ஏன் என்று கேட்டால், “வகுப்பில் அப்படித்தான் சார் போடுவோம்” என்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

அதன் வசதி எனக்கும் தெரியும். வர்க்கமூலம் எடுக்கும்போதெல்லாம் முன்னால் மேத் என்று தட்ட வேண்டாம், பலகையிலும் இடம் மிச்சம். ஆனால் மேத் மாட்யூலில், அதாவது அந்தத் தொகுப்பில், ‘பவ்’ என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது; ஓர் எண்ணின் அடுக்கைக் கணக்கிட்டுத் தரும் கட்டளை அது. அதே பெயரில் பைத்தானுக்குள்ளேயே ஒன்று ஏற்கெனவே உண்டு. நட்சத்திரம் போட்டதும் வந்தது இருந்ததைச் சத்தமில்லாமல் மறைத்துவிடும். பைத்தானின் பவ்விடம் 7, 2, 5 கொடுத்தால், 49ஐ 5ஆல் வகுத்த மீதி 4 கிடைக்கும். மேத்தின் பவ் மூன்றாவது எண்ணை ஏற்காது. பிழை காட்டி நின்றுவிடும்.

நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. எண் அணிகளைக் கையாளும் நம்பை என்ற தொகுப்பை நட்சத்திரத்தோடு கொண்டுவந்தால், எண்களைக் கூட்டித் தரும் ‘சம்’ மாறிவிடும். 0 முதல் 4 வரையிலான எண்களோடு இரண்டாவது மதிப்பாக -1 கொடுத்துப் பாருங்கள். பைத்தானின் சம் அதையும் கூட்டி 9 தரும். நம்பையின் சம் அந்த -1ஐ எந்த அச்சில், அதாவது அணியின் எந்தத் திசையில், கூட்டுவது என்ற குறிப்பாக எடுத்துக்கொண்டு 10 தரும். பிழைச்செய்தி கிடையாது. இந்த ரகப் பிழை ஒன்றைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை மாலையை முழுசாகத் தொலைத்தவன் நான்.

2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற பைத்தான் நிரல் நடை வழிகாட்டியே நட்சத்திரத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. பைத்தான் 3 அதை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதவே விடாது. ஊடாடும் திரையில் சும்மா சோதித்துப் பார்க்கையில் போட்டால் சரி, நானும் போடுவேன். கோப்பில் சேமிக்கிற நிரலில் வேண்டாம். இரண்டே பெயர்தான் தேவையென்றால் அந்த இரண்டையும் பெயர் சொல்லி அழைக்கலாமே.

இன்னொன்று. தற்செயல் எண்களைத் தரும் ரேண்டம் மாட்யூல் பற்றிப் பாடம் நடத்துகிற அன்று, மாணவர்கள் தங்கள் கோப்புக்கும் ‘ரேண்டம்’ என்றே பெயர் வைப்பார்கள். பைத்தான் முதலில் அந்த நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடும். அங்கே கிடைப்பது அவர்களுடைய கோப்பே! பதிப்பு 3.13 முதல், பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச்செய்தியே சொல்லித்தருகிறது. ஆய்வகத்தில் பழைய பதிப்பு இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் இம்போர்ட் வரிகளின் வரிசை: பைத்தானோடு வருபவை, வெளியிலிருந்து நிறுவியவை, நாமே எழுதியவை. நடுவில் ஒரு வெற்று வரி. எல்லாம் கோப்பின் தலைப்பகுதியில். இதற்கு ஒரு வகுப்பில் ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த பருவத்துக்குப் பாடக்குறிப்பைத் திருத்தும்போது அந்த முதல் வரியை மட்டுமாவது ‘இம்போர்ட் மேத்’ என்று மாற்றுங்கள். மேத், அதன்பின் ஒரு புள்ளி. ஒவ்வொரு இடத்திலும் கூடுதலாகத் தட்ட வேண்டியது ஐந்தே விசைகள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் நிரலைப் படிப்பவன்