மீனாவுக்கு, அப்பா எழுதுவது

மீனா,

சேகர் சனிக்கிழமை பொங்கோல் பக்கம் வருகிறான். இட்லிப் பொடியையும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். போன் போட்டால் "வேலையா இருக்கேம்பா" என்று வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக அப்படித்தான். சித்தி வீட்டுக் காதுகுத்துக்கும் வரவில்லை. சரி, அதை விடு.

நீ குதிரைகளுக்குச் சுட்டு விற்கிற பிஸ்கட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நம் ஊர் ஈரக்காற்றை நம்பாதே. ஓட்ஸ், கேரட், மொலாசஸ் எல்லாம் சேர்ந்த பண்டம் சரியாகக் காயாவிட்டால் சில நாளிலேயே பூசணம் பிடித்துவிடும். வெந்ததும் டப்பாவில் போடாதே. ஓவனை அணைத்து, கதவை ஒரு விரல் திறந்து வைத்து, ராத்திரி முழுக்க உள்ளேயே விடு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான், உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

கசகசா, ஜாதிக்காய், கொக்கோ கிட்டவே வரக்கூடாது. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம்தான் நின்றுவிட்டதே என்று நினைக்காதே. மற்றப் போட்டிகளுக்குப் போகிற குதிரைக்கு ஊக்கமருந்துச் சோதனை உண்டு. கொக்கோவில் இருக்கிற தியோபுரோமின் என்கிற பொருள் அதில் தெரிந்துவிடும். குளம்பு நோவு வந்த குதிரைக்கு இனிப்பு ஆகாது என்று பாக்கெட்டிலேயே எழுது.

2024 அக்டோபர் 5, கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் முடிந்தபோது நீதான் என் பக்கத்தில் நின்றாய். 182 வருஷமாக இந்த ஊரில் ஓடியது அன்றோடு நின்றது. "இனிமே உங்க சட்டையில குதிரை வாசனை வராதாப்பா?" என்று கேட்டாய். அப்புறம் கொஞ்ச நாளில் பிஸ்கட் சுட ஆரம்பித்தாய். மார்சிலிங் கோப்பிக்கடையில் உன் பாக்கெட்டை நான் காட்டாத ஆள் இல்லை. நம் குடும்பத்தில் யார் சொந்தமாகத் தொழில் செய்தது? ஆனால் வேலையை விட்டதை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் சொன்னாய்.

இணையத்தில் போட்டிருந்த பிஸ்கட் படங்களையெல்லாம் நீக்கிவிட்டாயாம், சேகர் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பூசணத்தைப் பார்த்துக்கொள். ரொம்பக் கெட்டியாகவும் சுடாதே. பல் தேய்ந்த குதிரைக்குத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்.

கெட்டி என்று எழுதும்போதே கை நிற்கிறது. நீ தொடக்கநிலை மூன்று படித்த வருஷம். லாயத்தில் வயசான சாம்பல் நிறக் குதிரை ஒன்று என் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை அதன் வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தது. இரண்டு மூக்கிலும் எச்சிலும் தீனியுமாக வழிந்தது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கரைத்து எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிழைத்துவிட்டது. என்ன கொடுத்தாய் என்று கேட்டார்கள். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அன்று தீனி போட்டவன் புதுக்கோட்டையிலிருந்து புதிதாக வந்த பையன். திட்டெல்லாம் அவனுக்கு. அடுத்த மாதமே ஊருக்குப் போய்விட்டான். அவனிடம் நான் வாய் திறக்கவில்லை. உன் அம்மா போகிற வரைக்கும் அவளிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தக் குதிரை எப்போதும் போல என் சட்டைப் பையைத்தான் மோந்து பார்த்தது.

எந்த லாயத்தில் என்ன நடந்திருந்தாலும், என்ன போட்டாய், என்றைக்குச் சுட்டாய் என்று குதிரைக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடு. தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் எனக்கு எவ்வளவு நேரம்?

பொடி டப்பாவைக் காலியாக அனுப்பாதே. கடைசியாகச் சுட்டதில் இரண்டு போட்டு அனுப்பு, உடைத்துப் பார்க்கிறேன்.

அப்பா