நீ இல்லாதபோது உன் வேலையை யார் பார்த்தார்கள்?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. திரும்பிப் போன முதல் நாளே, இடர் வந்தால் ஆட்களை எப்படி வைத்துச் சமாளிப்பது என்று திட்டம் எழுதும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே. சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆள் பட்டியலில் ஆரம்பிக்காதே. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். மாற்று இடம், ஜெனரேட்டர், எல்லோருடைய போன் நம்பர் என்று நாற்பது பக்கம். அடுத்த மாதமே சம்பளம் போடுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வங்கி டோக்கன் அவர் பையில், பாஸ்வேர்டு அவர் தலையில். வெள்ளமும் இல்லை, தீயும் இல்லை. சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனது. திட்டத்தில் அவருக்கு மாற்றாக யார் பெயர் இருந்தது தெரியுமா? என் பெயர்! எனக்கே அது மறந்துபோயிருந்தது.

அப்புறம்தான் வேலைகளை எழுதினேன். எது ஒரு நாள் நின்றால் வலிக்கும், எது ஒரு வாரம் தாங்கும், எது மாதக்கணக்கில் நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். (கடைசி வகைதான் நிறைய. மேலிடத்துக்குக் காட்டாதே.) முதல் வகைக்கு நேரே, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெயரைப் போடு. ஒற்றைப் பெயர் உள்ள இடம் எல்லாம் ஆபத்து. ஐந்து வேலைக்கும் ஒரே ஆள் மாற்றாக இருந்தாலும் அதே கதைதான். கொரோனா சமயத்தில் இரண்டு அணியாகப் பிரித்தோமே, விஷயம் தெரிந்த இருவரையும் ஒரே அணியில் போட்டிருந்தோம். யாரும் கவனிக்கவில்லை.

வேலை தெரிந்தவர்கள் வேறு இடத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத் தாக்குதலில், அங்கே இருந்த காண்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நிதி நிறுவனம் 658 பேரை இழந்தது. இரண்டே நாளில் பத்திர வர்த்தகத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். மாற்றுக் கணினி மையம் இருந்தது. அதைவிட, லண்டன் அலுவலகத்தில் வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

இடர் வந்தாலும் வேலை நிற்காமல் நடக்க என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 22301, அதைப் படித்திருப்பாய். ஆட்களைப் பற்றி மட்டும் பேசும் 22330 என்ற வழிகாட்டியும் 2018இல் வந்தது, அதையும் பார். வீட்டில் ஆபத்து என்றால் எவ்வளவு விசுவாசமான ஆளும் வேலைக்கு வரமாட்டார், வரவும் கூடாது. நம் திட்டங்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

முடிந்தால் முக்கியமான ஆட்களைப் பத்து நாள் லீவில் அனுப்பிப் பார், போன் செய்யாமல். எங்கே இடிக்கிறது என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

உனக்கு அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டதே! ஆறு வாரம் நீ படுத்திருந்தபோது எத்தனை முறை போன் வந்தது, எதற்கெல்லாம் வந்தது? அதை முதலில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்