புங்கம் எண்ணெய்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரில் வந்திருக்கும் சில பொதுக்குழு உறுப்பினர்களே,

பொங்கல் விழாவும் மரக்கன்று நடுதலும் வழக்கம்போல் நடைபெற்றன. எண்ணெயைப் பயோ டீசலாக்கத் தேவைப்படும் மெத்தனாலுக்கான உரிமம் புதுப்பிக்கப்பட்டது. கர்நாடகத்தில் ஹாசன் அருகே மடேனூர் உயிரி எரிபொருள் பூங்காவுக்குச் சென்று வந்தோம். வேனில் பாதி இருக்கை காலி.

இனி, சாணமும் புண்ணாக்கும் போட்டு வாயு எடுக்கும் நம் எரிவாயுக் கலன். 'செயலாளரின் சாணிக்குழி' என்று டீக்கடையில் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்ததால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். 100 கிலோ விதையை ஆட்டினால் எண்ணெய் ஏறக்குறைய கால்பங்கு. மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. கசப்பும் நஞ்சும் உள்ளதால் மாட்டுக்கு ஆகாது, எருவாகவே விற்றுவந்தோம். அதையே சாணத்தோடு கரைத்துக் கலனில் விட்டால், எடைக்கு எடை சாணத்தைவிடப் பல மடங்கு வாயு கிடைக்கிறது. தழைச்சத்தும் வீணாகாமல் கழிவுக் கரைசலோடு வயலுக்குப் போகிறது. இதை விளக்க மூன்று கூட்டம் கூட்டினேன். மூன்றிலும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லை.

பயோ டீசல் தயாரிக்கும்போது அடியில் தங்கும் கிளிசரினையும் கொஞ்சம் சேர்த்தால் வாயு கூடும். கூடவும் செய்தது. ஆடியில் நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாளில், உறுப்பினர் ஒருவர் கிளிசரின் பீப்பாயையே கலனுக்குள் கவிழ்த்துவிட்டார். அமிலம் மிகுந்து கலன் புளித்தது, அடுப்பு அணைந்தது, தெருவெல்லாம் நாற்றம். கரைசல் விடுவதை நிறுத்தி, சுண்ணாம்பு நீரும் புதுச் சாணமும் கொடுத்துத் தேற்ற ஐந்து வாரம் ஆயிற்று. அளவு எழுதிய பலகையை நான் மாட்டியிருக்கவில்லை என்பது உண்மைதான். பலகைக்குப் பணம் கேட்டுப் பொருளாளருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பதும் உண்மை.

புண்ணாக்கை மட்டும் போட்டால் அமோனியா மிகுந்து கலன் மந்தமாகிவிடும், சாணம் வேண்டும். தினம் ஒரு கூடை தருவதாகக் கையொப்பமிட்டவை 18 வீடுகள். கூடை வருவது ஐந்து வீடுகளிலிருந்து. திறப்பு நாளில் வாயு அடுப்பில் போட்ட காபிக்கு மட்டும் பதினெட்டும் வந்தன.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தாவில் பாதிக்கு மேல் நிலுவை. பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் நமக்கு இதுவரை இல்லை.

தணிக்கையாளருக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், சுண்ணாம்பைக் கடனாகக் கொடுத்த காளவாய்க்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செக்கை ஓட்டும் டீசல் எஞ்சினுக்கு இந்த வாயுவையும் கொடுத்து டீசலை மிச்சப்படுத்த எண்ணம். குழாயும் வால்வும் வாங்க வேண்டும். பதவியில் தொடரும் ஆசை எனக்கில்லை. யாரேனும் முன்வந்தால் இன்றே கலன் அறையின் சாவியைத் தந்துவிடுகிறேன். காலிக் கூடைகள் வாசலில் வேப்பமரத்தடியில் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம்.

இவண்,
செயலாளர்